விட்டுப்போன ஒரு 'ஃபார்': 'அரேஞ்ச்' என்ற வினைச்சொல்லின் கதை

தண்டையார்பேட்டையில் சாயங்கால வேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பிளஸ் டூ முடித்தவர்கள், பி.காம் படிப்பவர்கள், துறைமுகத்தைச் சுற்றியுள்ள சரக்கு ஆபீஸ்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் வருவார்கள். அவர்களில் ஒரு மாணவி நர்சிங் முடித்துவிட்டு நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். 'உன்னைப் பற்றிச் சொல்' என்று கேட்டால் என்ன சொல்வாய், எழுதி வா என்றேன். அவள் எழுதி வந்ததில் மூன்றாவது வரி இது: 'மை மதர் அரேஞ்ச்டு மீ டு ஸ்டடி.'

அவள் அம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். மகள் என்ன சொல்ல வந்தாள் என்பது படித்ததுமே புரிந்துவிட்டது. 'நான் படிக்கிறதுக்கு எல்லா ஏற்பாடும் பண்ணது எங்கம்மாதான்.' ஆனால் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் அந்த வரியைப் படித்தால் வேறு மாதிரி கேட்கும். நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போடுவதுபோல, அம்மா மகளைத் தூக்கி எங்கோ வைத்தாள் என்ற சாயல் வந்துவிடும். நடுவில் ஒரு 'ஃபார்' விட்டுப்போயிருந்தது. 'அரேஞ்ச்டு ஃபார் மீ டு ஸ்டடி' என்று இருந்திருக்க வேண்டும்.

திருத்திக் கொடுத்தேன். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு போகவில்லை. "ஏன் சார், டோல்டு மீ டு ஸ்டடின்னு வருது. ஆஸ்க்டு மீ, ஃபோர்ஸ்டு மீ எல்லாம் வருது. இதுக்கு மட்டும் எதுக்கு சார் ஃபார்?" என்று கேட்டாள். இலக்கணப் புத்தகத்தில் 'அப்படித்தான்' என்று போட்டிருக்கும். அந்தப் பதிலைச் சொல்ல மனம் வரவில்லை. நான்கைந்து நாள் யோசித்தபோதுதான், அந்தச் சின்னச் சொல்லுக்குப் பின்னால் இத்தனை விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் பக்கத்தில் இந்தச் சொல்லை எப்படிப் புழங்குகிறோம் என்று பார்ப்போம். வடசென்னையில் அரேஞ்ச் என்பது ஆங்கிலச் சொல் என்ற நினைப்பே யாருக்கும் இருக்காது. பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத ஆயாகூட 'பேரனுக்கு ஒரு வேலை அரேஞ்ச் பண்ணிக் குடு கண்ணு' என்று கேட்பார். தெருவில் ஒரு சாவு விழுந்தால் இந்தச் சொல்லின் முழு வீச்சையும் பார்க்கலாம். செய்தி வந்த பத்து நிமிஷத்தில் பையன்கள் கூடிவிடுவார்கள். ஒருவன் ஷாமியானாக்காரருக்குப் போன் போடுவான். இன்னொருவன் ஐஸ் பெட்டிக்கு. "அண்ணா, சேர் எத்தினி சொல்லட்டும்?" "ஒரு நூறு சொல்லுடா. மோளம் அரேஞ்ச் பண்ணியாச்சா?" "ஆள் போயிருக்கான்ணா." "வண்டி?" "அதுவும் அரேஞ்ச் ஆயிடுச்சு. எடுப்பு எத்தினி மணிக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லு." சேர் வந்து இறங்கியதும் அதே அண்ணன் சொல்வார்: "ஓரமா வரிசையா அரேஞ்ச் பண்ணுங்கடா, நடுவுல வழி விடுங்க."

இந்தப் பேச்சில் அரேஞ்ச் இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது. கடைசியில் வருவது கையால் செய்யும் வேலை: நாற்காலியை எடுத்து வரிசையாகப் போடுவது. முன்னால் வந்ததெல்லாம் வாயால் செய்யும் வேலை: மேளக்காரரிடம் பேசி, வண்டிக்காரரிடம் பேசி, அவர்கள் சரி என்று சொன்ன பிறகு 'ஆயிடுச்சு' என்பது. தமிழில் கையால் செய்வதை அடுக்குவது, வரிசையாக வைப்பது என்போம். வாயால் செய்வது ஏற்பாடு. தமிழில் இரண்டாகக் கிடக்கிற பொருளை ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறது. பிழை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

ஆங்கிலத்தில் இரண்டும் எப்படி ஒன்றாயின? சொல்லின் வரலாற்றில் பதில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழைய பிரெஞ்சிலிருந்து இது ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அதன் பொருள் ஒன்றே ஒன்றுதான்: போர்க்களத்தில் படையை வரிசைப்படுத்தி நிறுத்துவது. பிரெஞ்சில் 'ரங்' என்றால் வரிசை. அதுவும் பிரெஞ்சுக்குச் சொந்தமான சொல் இல்லை. பிராங்கு இனத்தவர் பேசிய பழைய ஜெர்மானிய மொழியில் 'ஹ்ரிங்' என்று ஒரு சொல் இருந்ததாகவும், அதுவே இதன் வேர் என்றும் சொல்லாராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். வளையம் என்று பொருள். இன்றைய 'ரிங்' அதே வேர்தான்.

இந்தக் குடும்பத்தில் மற்றவர்களும் நமக்குத் தெரிந்தவர்களே. பள்ளிக்கூடத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கப் பயந்துகொண்டே நீட்டிய ராங்க் கார்டில் இருக்கும் 'ராங்க்' இந்தச் சொல்லின் கூடப்பிறந்தது. 'அவன் ரேஞ்சே வேற மச்சான்' என்று சொல்லும்போது வருகிற 'ரேஞ்ச்' இன்னொன்று. ஆக, ரிங், ராங்க், ரேஞ்ச், அரேஞ்ச் நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மனநிலை குலைந்ததைச் சொல்லும் 'டிரேஞ்ச்டு' என்ற சொல்லும் இந்த வீட்டிலிருந்து போனதுதான். வரிசை கலைந்தது என்பது அதன் அடிப்படை.

வளையம் என்ற பழைய பொருளை வகுப்பில் சொன்னபோது வியாசர்பாடிப் பையன் ஒருவன் உடனே "கேரம் மாதிரி சார்" என்றான். அவன் சொன்னதைவிட நல்ல உதாரணம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. கேரம் போர்டில் மொத்தம் 19 காய். நடுவில் சிவப்பு. அதைச் சுற்றிக் கருப்பும் வெள்ளையுமாக மாறி மாறி 6 காய். அதற்கும் வெளியே இன்னொரு வளையமாக 12 காய். ஒன்றும் ஆறும் பன்னிரண்டும் பத்தொன்பது. சரியாக அடுக்கினால் வெள்ளைக் காய்கள் ஆங்கில 'ஒய்' எழுத்துபோலக் கைகளை விரித்து நிற்கும். ஒரு காய் இடம் மாறி உட்கார்ந்தாலும் எதிராளி விடமாட்டான், கலைத்து மறுபடி அடுக்கச் சொல்வான். இந்தப் பக்கத்துக் கேரம் கிளப்புகளில் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் வாய்க்கிற வேலை பெரியவர்களுக்குக் காய் அடுக்கித் தருவதுதான். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்று வந்த காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவர் பெயரைச் சொன்னாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அதனால் 'அரேஞ்ச் தி காயின்ஸ்' என்ற வாக்கியத்தோடுதான் இந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறேன்.

படையை நிறுத்துவதற்கான சொல்லாக இருந்தது, நாற்காலியையும் பூவையும் அடுக்குவதற்குப் பரவியது 18ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது வருஷங்களில்தான். அதுவரை ஆங்கிலத்தில் அரிதாகப் புழங்கிய சொல் அது. அதே காலத்தில், 1779இல், பப்ரீசியஸ் பாதிரியாரின் தமிழ் ஆங்கில அகராதி நமக்குப் பக்கத்திலேயே வேப்பேரியில் அச்சாகிக்கொண்டிருந்தது என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசைக்குள்ளும் அரேஞ்ச் நுழைந்துவிட்டது. ஒரு மெட்டை வேறு வாத்தியங்களுக்கு ஏற்ப அமைப்பதற்கு அந்தப் பெயர். பொருளை வரிசையாக வைக்கிறவர் காரியத்தையும் வரிசையாக வைக்கலாம் அல்லவா? யார் எப்போது வருவது, எது முதலில், எது பிறகு. அப்படித்தான் அடுக்குவது ஏற்பாடாக வளர்ந்தது.

தமிழிலும் படைக்கும் வரிசைக்கும் உறவு உண்டு. அணி என்ற சொல்லைப் பாருங்கள். படை வரிசையும் அணிதான், கழுத்தில் போடுவதும் அணிதான். செய்யுளுக்கு அழகு சேர்ப்பதற்கும் அதே பெயர். வரிசையாக இருப்பது அழகாக இருக்கும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. காசிமேட்டுக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: படகின் முன்பக்கம் அணியம். நிரல் என்றொரு சொல்லும் இருக்கிறது. தொல்காப்பியம் நிரல்நிறை என்று ஒரு பொருள்கோளைச் சொல்கிறது. முதலில் சொன்னதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது என்று வரிசை மாறாமல் பொருள் கொள்ள வேண்டும். அந்த நிரல்தான் இன்றைக்கு நிகழ்ச்சி நிரலிலும், கம்ப்யூட்டருக்கு எழுதும் நிரலிலும் இருக்கிறது. இவையெல்லாம் அடுக்குவதன் பக்கம்.

ஏற்பாட்டின் கதை வேறு. 'ஏல்' என்றால் ஏற்றுக்கொள், இசைந்துபோ. அதோடு 'பாடு' சேர்ந்து ஏற்பாடு. அதாவது, ஒத்துக்கொண்டதால் அமைந்தது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் எத்தனையோ வீடுகளில் பைபிள் இருக்கிறது. அதன் இரு பாகங்களுக்கும் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று பெயர். ஏன் ஏற்பாடு என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையிலான உடன்படிக்கை என்பது அதன் பொருள். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'தியாதேக்கே'. அது 'வகுத்து வைத்தல்' என்ற வினையிலிருந்து பிறந்து, உயில், உடன்படிக்கை என்ற பொருள்களுக்குப் போனது. கிரேக்கத்திலும் வைப்பதிலிருந்து உடன்பாட்டுக்குப் போயிருக்கிறார்கள், ஆங்கிலத்திலும் அப்படியே. தமிழ் மட்டும் உடன்பாட்டுக்கென்று தொடக்கத்திலேயே தனிச் சொல் வைத்துக்கொண்டது.

(சங்க இலக்கியம் படித்தவர்கள் நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுதான எற்பாட்டை இங்கே நினைக்கலாம். அது வேறு சொல். 'எல்' என்றால் சூரியன், அது சாய்கிற நேரம் எற்பாடு. கடற்கரை ஊர்க்காரர்கள் என்பதால் நாம் மறக்கக் கூடாத சொல்.)

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். 'டோல்டு மீ டு ஸ்டடி' என்றால் அம்மா யாரிடம் சொன்னாள்? மகளிடம். சொல் போய்ச் சேர்ந்த ஆள் மகள். 'ஃபோர்ஸ்டு மீ' என்றால் வற்புறுத்தலைத் தாங்கிய ஆளும் அவளே. ஆனால் 'அரேஞ்ச்' என்னும்போது அம்மா மகளை ஒன்றும் செய்யவில்லை. தெரிந்தவரிடம் கடன் கேட்டிருப்பாள். அப்ளிகேஷன் வாங்க யாரையாவது அனுப்பியிருப்பாள். ஹாஸ்டல் வார்டனைப் போய்ப் பார்த்திருப்பாள். இதெல்லாம் நடக்கும்போது மகள் தூங்கிக்கொண்டுகூட இருந்திருக்கலாம். அம்மா அமைத்தது மகளை அல்ல, 'மகள் படிப்பது' என்ற ஒரு முழு நிகழ்வை. அந்த நிகழ்வை மொத்தமாக வாக்கியத்துக்குள் கூட்டிவருகிற வாசல்தான் 'ஃபார்'.

இதைத் தமிழில் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இது தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. 'அம்மா என்னைப் படிக்கச் சொன்னாள்.' 'அம்மா என்னைப் படிக்க வற்புறுத்தினாள்.' இரண்டிலும் 'என்னை' வருகிறது. 'அம்மா என்னைப் படிக்க ஏற்பாடு செய்தாள்' என்று யாராவது சொல்வோமா? மாட்டோம். 'நான் படிக்க அம்மா ஏற்பாடு செய்தாள்' என்போம். 'என்னை' போய் 'நான்' வந்துவிட்டது. ஆங்கிலம் 'ஃபார்' போட்டுக் காட்டும் அதே வித்தியாசத்தைத் தமிழ் 'நான்' என்று போட்டுக் காட்டுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத மீன்காரம்மாகூட இதில் தப்பு விடமாட்டார். இலக்கணம் நம் நாக்கிலேயே இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது மட்டும் அதைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம்.

இந்தச் சோதனை வேறு சில வினைகளுக்கும் பலிக்கும். 'நான் வரும்வரை காத்திருந்தாள்' என்பதில் 'நான்' வருகிறது. ஆங்கிலத்தில் 'வெயிட்டட் ஃபார் மீ டு கம்.' 'நான் பாஸாக வேண்டிக்கொண்டாள்' என்பதிலும் அப்படியே: 'பிரேய்டு ஃபார் மீ டு பாஸ்.' எல்லாவற்றுக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். 'நான் படிக்க உதவினாள்' என்று தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் 'ஹெல்ப்டு மீ' தான், 'ஃபார்' வராது. அதை விதிவிலக்காக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'அரேஞ்ச்' விஷயத்தில் சோதனை பொய்க்காது. பொருளை அடுக்கும்போது 'சேரை வரிசையா போடு' என்று 'ஐ' உருபு வரும், ஆங்கிலத்திலும் நேராக 'அரேஞ்ச் தி சேர்ஸ்'. ஆளை வைத்து ஒரு காரியம் நடக்க வேண்டும் என்றால் 'ஃபார்'. யாரிடம் பேசி முடித்தோமோ அவருக்கு 'வித்'. வேன் டிரைவரிடம் பேசி, பிள்ளைகளை ஆறு மணிக்கு அழைத்துப் போகச் சொல்லியிருந்தால் 'ஐ அரேஞ்ச்டு வித் தி வேன் டிரைவர் ஃபார் தி சில்ட்ரன் டு பி பிக்டு அப் அட் சிக்ஸ்.' நாமே ஒன்றைச் செய்வதற்குப் பேசி வைத்தால் எதுவும் தேவையில்லை: 'ஐ அரேஞ்ச்டு டு மீட் ஹிம்.' இங்கே 'அரேஞ்ச்டு மீட்டிங் ஹிம்' என்று எழுதக் கூடாது. 'அரேஞ்ச்டு எ மீட்டிங் வித் ஹிம்' என்றால் சரி.

துறைமுகம் பக்கம் சரக்கு ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் பையனுக்கு இந்த இரு பக்கக் குழப்பம் வேறு மாதிரி வந்தது. 'தி கன்டெய்னர்ஸ் ஆர் அரேஞ்ச்டு' என்று வெளிநாட்டுப் பார்ட்டிக்கு மெயில் போட்டிருந்தான். காலிக் கன்டெய்னர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, வந்துவிடும் என்பது அவன் சொல்ல வந்தது. 'எங்கே, எந்த வரிசையில்?' என்று பதில் வந்தது. கன்டெய்னர் கையால் தொடக்கூடிய பொருள் அல்லவா, அதனால் படித்தவர் அடுக்கியதாக எடுத்துக்கொண்டார். 'வீ ஹேவ் அரேஞ்ச்டு ஃபார் தி கன்டெய்னர்ஸ் டு பி டெலிவர்டு' என்று எழுதியிருந்தால் சந்தேகமே வந்திருக்காது. ஒரு நாள் முழுக்க மெயில் போவதும் வருவதுமாகப் போனதாம்.

கப்பலுக்குள் சரக்கை அடுக்குவதற்கு ஆங்கிலத்தில் தனி வினையே இருக்கிறது: 'ஸ்டோ'. எது கனம், எது எந்தத் துறைமுகத்தில் இறங்கும், எதை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்றெல்லாம் கணக்குப் போட்டு வைப்பது அது. கனமானது கீழே, கடைசியில் இறங்குவதற்கு மேல் முதலில் இறங்குவது. துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த 'ஸ்டீவ்டோர்' என்ற சொல் ஸ்பானிய மொழியில் சரக்கை அடுக்குகிறவருக்கு உள்ள பெயரிலிருந்து வந்தது.

'அரேஞ்ச்' என்று ஒன்றையே பிடித்துக்கொள்ளாமல் இருக்க, காசிமேட்டு மீன் சந்தையை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். படகிலிருந்து இறங்கிய மீனை முதலில் வகை பிரிப்பார்கள். வஞ்சிரம் தனி, சங்கரா தனி, நெத்திலி தனி. அது 'சார்ட்'. அப்புறம் விற்பதற்குக் கூறு கட்டுவார்கள். பெரிய மீன் வெளியே தெரியும்படி, ஒவ்வொரு கூறும் ஏறக்குறைய ஒரே அளவில். அதுதான் 'அரேஞ்ச்'. வெளியூருக்குப் போவதை ஐஸ், மீன், ஐஸ் என்று பெட்டியில் அடுக்குவது 'பேக்'. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் மீன்காரர்கள் வருமானத்துக்கு வேறு வழி பார்க்கிறார்களே, அதற்கு ஆங்கிலத்தில் 'அரேஞ்ச்' போட்டால் பொருந்தாது. 'மேனேஜ்' என்பது கிட்டே வரும்.

'ஆர்கனைஸ்' எங்கே போடுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கிரேக்கத்தில் 'ஆர்கனான்' என்றால் கருவி. உடலில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை இருப்பதுபோல, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்து ஒரு முழு அமைப்பை ஓட்டுவது 'ஆர்கனைஸ்'. தெருவில் கேரம் போட்டி நடத்தினால், போட்டியை 'ஆர்கனைஸ்' செய்கிறோம், அதற்கு வரும் கெஸ்டுக்கு வண்டி 'அரேஞ்ச்' செய்கிறோம், மேடையில் நாற்காலியை 'அரேஞ்ச்' செய்கிறோம். 'செட்' என்பது இன்னும் பழைய சொல். 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்காரவை. தமிழில் இரு, இருத்து என்பதுபோல. 'அந்த வேலை எனக்கு செட்டாவல' என்று நாம் சொல்வதிலும் சரியாக உட்காரவில்லை என்ற அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது.

பணத்துக்கு வருவோம். 'ஐ வில் அரேஞ்ச் மணி' என்று நம்மில் எல்லோரும் சொல்கிறோம், இந்தியாவுக்குள் யாருக்கும் புரியும். வெளியே உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் விசித்திரமாகக் கேட்கும். 'அரேஞ்ச் எ லோன்' என்றால் அவர்களும் சொல்வார்கள், ஏனென்றால் கடனில் இரண்டு பேர் பேசி ஒத்துக்கொள்வது இருக்கிறது. வெறும் பணத்துக்கு 'ரெய்ஸ்' அல்லது 'கெட் தி மணி டுகெதர்' என்பார்கள். நம்மிடம் இதற்கு இதைவிட நல்ல சொல் இருக்கிறது: பொரட்டுவது. 'எப்படியோ பத்தாயிரம் பொரட்டிட்டேன்' என்பதில் உள்ள அலைச்சல், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று கேட்டு வாங்கியது, அடகு வைத்தது எல்லாம் 'அரேஞ்ச்' என்ற சொல்லில் வராது. ஆஸ்பத்திரி வாசலில் 'ரெண்டு யூனிட் ரத்தம் அரேஞ்ச் பண்ணுங்க' என்று சீட்டைக் கையில் கொடுக்கும்போதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால் 'ஃபைண்ட் டூ டோனர்ஸ்' என்று எழுதுங்கள். படிப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பளிச்சென்று தெரியும். அவசரத்தில் அதுதான் முக்கியம்.

ஆபீஸ் கடிதத்தில் 'கைண்ட்லி அரேஞ்ச் டு சென்ட் தி செக்' என்று எழுதும் வழக்கம் பாரிமுனை ஆபீஸ்களில் இன்னும் இருக்கிறது. இலக்கணப்படி தவறில்லை. ஆனால் அதன் உள்ளே ஒரு மரியாதைக் கணக்கு இருக்கிறது. 'நீங்களே அனுப்ப வேண்டாம், உங்களுக்குக் கீழே உள்ளவரை அனுப்பச் சொல்லுங்கள்' என்று பெரியவரிடம் பணிந்து கேட்கும் தொனி. அனுப்ப வேண்டியவர் உங்கள் மேஜைக்கு எதிர் மேஜையில் இருந்தால் 'ப்ளீஸ் சென்ட் தி செக்' போதும். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. என் மாணவர்கள் இதை ஏற்றுக்கொள்வதற்குத்தான் நாளாகிறது. சின்ன வாக்கியம் எழுதினால் திமிராக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும், நேராக எழுதப் பழகுங்கள் என்றுதான் சொல்வேன்.

அரேஞ்ச் மேரேஜ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பேச்சில் 'அரேஞ்ச் மேரேஜ்' என்கிறோம். எழுதும்போது 'அரேஞ்ச்டு மேரேஜ்'. அந்த 'டு' கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அது 'ஏற்பாடு செய்யப்பட்ட' என்ற பெயரெச்சம். தமிழில் இதற்கு 'வீட்டில் பார்த்து வைத்த கல்யாணம்' என்கிறோம். பார்ப்பது, வைப்பது என்று இரண்டு வினை அதில் இருக்கிறது. ஏற்பாடு என்ற சொல்லின் வேரில் இசைவு இருக்கிறது என்று மேலே எழுதினேன். பெண்ணையும் பையனையும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகு நடந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும் என்பது என் கருத்து. கேட்காமல் நடத்தினால், அது அடுக்கி வைப்பதுதான். ஆங்கிலத்திலும் அதை 'ஃபோர்ஸ்டு மேரேஜ்' என்று தனியாகப் பிரித்துத்தான் சொல்கிறார்கள்.

உச்சரிப்பில் நமக்குக் கஷ்டமே இல்லை. ஞகரத்துக்குப் பின் வரும் சகரம் தமிழில் தானாகவே மெலிந்துவிடும். மஞ்சள், பஞ்சு, ஆரஞ்சு எல்லாவற்றிலும் கேட்கலாம். அதே ஒலிதான் ஆங்கிலத்திலும் வேண்டும். அழுத்தம் மட்டும் 'ரே'யில் விழ வேண்டும், முதல் 'அ' லேசாக இருக்கட்டும். எழுத்தில் இரண்டு 'ஆர்'. கடைசி 'ஈ' எழுத்து 'அரேஞ்ச்மென்ட்'டில் நிற்கும், 'அரேஞ்சிங்'கில் போய்விடும்.

'அரேஞ்ச்மென்ட்' ஒருமையில் வந்தால் அடுக்கிய விதத்தையோ, இரண்டு பேருக்கு இடையில் பேசி முடித்த ஒப்பந்தத்தையோ சொல்லும். பன்மையில் 'அரேஞ்ச்மென்ட்ஸ்' என்றால் பெரும்பாலும் முன்னேற்பாடுகள். சாவு வீட்டில் நடந்த அத்தனையும் ஆங்கிலத்தில் 'ஃபியூனரல் அரேஞ்ச்மென்ட்ஸ்'. அங்கே ஒருமையில் எழுதினால் பொருந்தாது.

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. நேர்காணலில் அந்த வரியைத் தடுமாறாமல் சொன்னதாகச் சொன்னாள். என்றைக்குச் சேர்வது, எந்த ஷிஃப்ட் என்று ஆஸ்பத்திரியில் போனில் பேசி முடித்துவிட்டு, உறுதி செய்ய அவள் அனுப்பிய மெயிலை என்னிடம் காட்டினாள். 'ஐ வில் ஜாயின் ஆன் மண்டே, ஆஸ் அரேஞ்ச்டு.' பேசி வைத்தபடி. யார் யாரை அரேஞ்ச் செய்தது என்று அதில் ஆளே வரவில்லை. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டுவிட்டதால் அங்கே 'ஃபார்' தேவையில்லை, 'வித்' தேவையில்லை. அவளாகவே எழுதியது. நான் ஒரு எழுத்துகூடத் திருத்தவில்லை.